கோடு போட்ட கம்பி

எதிர் வீட்டுக் காரில் ரேடியோவைப் போட்டால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு யாரோ குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் எங்கள் மாடிச் சமையலறை ஜன்னல் வரைக்கும் வரும். பத்து வயதுக் கார். முன் கதவு இரண்டிலும் கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்கள், காய்ந்த சருகாகிக் கிடந்தன. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை. வீட்டுக்காரர் கண்ணாடி அறுக்கிறவர். காலமெல்லாம் உடையக்கூடிய பொருளோடு பழகியதில் மெதுவாக நடப்பார், மெதுவாகப் பேசுவார், பின்சீட்டில் கண்ணாடி இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரியே கார் ஓட்டுவார். அவர் மனைவிக்குப் பல் டாக்டரிடம் வேலை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்து நம்பர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதனால் எங்கள் தெருவில் அவள் டோக்கனம்மா.

அவர்களுக்கு ஒரே பெண். அவளுக்குக் கட்டைக் குரல். போனில் ஹலோ என்றால் எதிர்முனையில் இருப்பவர்கள் "சொல்லுங்க சார்" என்பார்கள். பள்ளிக்கூட விழாவில் சேர்ந்து பாடும்போது அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசை என்று சொல்லிவிட்டார்கள். டோக்கனம்மா மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்ட சண்டையைத் தெரு இன்னும் மறக்கவில்லை. மறக்க நானும் விட்டதில்லை.

இப்போது பக்கத்து ஊரில் ஒரு குட்டி ரேடியோ நிலையத்தில் அந்தக் குரலுக்காகவே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் நிகழ்ச்சி. அரை மணி நேரம். ஊருக்குள் தொலைந்தவை, கிடைத்தவை பற்றிய அறிவிப்புகளைப் படிக்க வேண்டும், நடுநடுவே பாட்டுப் போட வேண்டும்.

அந்த நிலையம் இணையத்தில் வராது. எங்கள் தெருவில் ரேடியோவிலும் அது பிடிக்காது. ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் கிடைக்கும் என்று பெண்ணே போனில் சொன்னாள். அதாவது காரில் போய், கார் ரேடியோவில்தான் கேட்க வேண்டும்.

டோக்கனம்மா அன்றைக்கே காரில் உட்கார்ந்து ஏதோ ஒரு நிலையத்தை வைத்துக் கேட்டாள். பத்து நிமிடத்தில் இறங்கி வந்தாள்.

"இதுல கேட்டா என் பொண்ணு குரலும் கொசு மாதிரிதான் இருக்கும். ஸ்பீக்கர மாத்துங்க."

"ஒரு தடவை கேக்கறதுக்கா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"முதல் தடவை ஒரு தடவைதானே வரும்? வாய அசைன்னு சொன்னாங்களே அவள. அந்தக் குரல் அடியோட முழுசா என் காதுல விழணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

புது ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. மாட்டுவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. கார் கதவின் உள்பலகையை உடைக்காமல் கழற்றத் தெரிந்த ஆள் எங்கள் வட்டாரத்தில் ஒருவன்தான் உண்டு. அவன் டோக்கனம்மாவின் தம்பி. சோபாவும் கார் சீட்டும் தைக்கிற கடை வைத்திருப்பவன். அவனைக் குஷன் என்றே கூப்பிடுவோம். சிக்கல் என்னவென்றால், மாமனும் மச்சினனும் பேசிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது.

காரணம் அரை அங்குலம். குஷன் புதுக் கடை திறந்தபோது முகப்புக்குக் கண்ணாடி கேட்டான். அளவு எடுத்துக் கொடுத்தவன் அவன். அறுத்துக் கொடுத்தவர் இவர். கொண்டுபோய் வைத்தால் அரை அங்குலம் பெரிது. உன் துணி டேப் இழுபட்டுப் போச்சு என்றார் இவர். அறுத்த கைதான் இழுபட்டது என்றான் அவன். குஷனின் தொழிலில் அரை அங்குலம் கூடினால் பஞ்சை அமுக்கித் தைத்துவிடலாம். கண்ணாடியை எங்கே அமுக்குவது? அது பதினைந்து நாள் தெருவில் சாய்ந்து நின்றது. நாங்கள் எல்லோரும் போகும்போதும் வரும்போதும் தலை சீவிக்கொண்டோம். அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதெல்லாம் டோக்கனம்மா வழியாகத்தான் போய்வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் குஷன் கருவிப் பெட்டியோடு வந்தான். மரச்சாமான்களும் கண்ணாடிச் சட்டங்களும் அடைத்த கொட்டகையிலிருந்து காரை வெளியே தள்ளி, எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தினார்கள். என் பாக்கியம் என்று ஒரு கூடை பட்டாணியை உரிக்க எடுத்துக்கொண்டு நான் ஜன்னலருகே உட்கார்ந்தேன்.

"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. கைப்பிடிக் குழிக்குள்ள ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். அதை எடுக்காம இழுத்தா பலகை பிளந்துடும்."

கண்ணாடிக்காரர் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"உன் தம்பிகிட்ட சொல்லு. எனக்குக் கண்ணு இருக்குன்னு."

"ரெண்டு பேருக்கும் காது இருக்கு. நான் எதுக்கு நடுவுல?" என்றாள் டோக்கனம்மா. ஆனாலும் நடுவிலேயே நின்றாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஸ்டீரிங் பக்கத்துக் கதவு மாமாவுக்கு, அந்தப் பக்கத்துக் கதவு மச்சினனுக்கு. குஷன் விரலை ஓரத்தில் விட்டு, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவி, டொக் டொக் என்று பட்டன் கழற்றுகிற மாதிரி பலகையை எடுத்துவிட்டான். கண்ணாடிக்காரர் அதை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்தே தன் பக்கத்தையும் எடுத்தார். ஒரு கிளிப் உடைந்தது. உடைந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

உள்ளே கதவுத் தகரம், தூசி, பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஹேர்பின். பழைய ஸ்பீக்கரை எடுத்துக் காட்டினான் குஷன். காகிதக் கூம்பில் கட்டை விரல் நுழைகிற கிழிசல். "இது பேசினதே பெரிய விஷயம்" என்றான், பொதுவாக வானத்தைப் பார்த்து.

பழைய பிளக்கைக் கத்தரித்ததும் ஒவ்வொரு கதவிலும் இரண்டு கம்பிகள் நின்றன. ஒன்று வெறும் கம்பி. இன்னொன்றில் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. புது ஸ்பீக்கரில் ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். எதில் எதை முறுக்குவது? வேறு யாராக இருந்தாலும் எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்து, "நீ எப்படிப்பா வைக்கிற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இவர்களால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க முடியவில்லை.

"கோடு போட்டிருக்கான்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. அதுதான் பிளஸ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முறுக்கினார் கண்ணாடிக்காரர்.

அந்தப் பக்கம் குஷன் டேப்பைப் பல்லால் கிழித்தபடி முணுமுணுத்தான். "மைனஸே ஒரு கோடுதான். கோடு போட்ட கம்பி மைனஸ். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இரண்டையும் கேட்ட ஒரே ஆள் நான். எனக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டது.

வேலை முடிந்தது. டோக்கனம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டைப் போட்டார்கள். நல்ல கனத்த ஆண் குரல் பாடுகிற பாட்டு. அந்த மனிதர் கிணற்றுக்குள்ளிருந்து, அதுவும் வாயில் துணியோடு பாடினார். சுருதி இருந்தது, உடம்பு இல்லை. மத்தளம் அடிப்பது யாரோ தீப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்டது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை.

டோக்கனம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "பழசே பரவாயில்லையே."

"என் பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர், தன் கதவில் காதை ஒட்டி.

"அக்கா, என் பக்கம் கும்முனு இருக்கு. நீ வந்து கேளு" என்றான் குஷன், தன் கதவில் காதை ஒட்டி.

அவள் இறங்கி இந்தக் கதவில் கேட்டாள், அந்தக் கதவில் கேட்டாள். தனித்தனியாக இரண்டும் பிரமாதம். உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை.

"உங்கள மாதிரியே மாட்டி வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று இரவு அந்த வீட்டில் பாத்திரங்கள் வைக்கப்பட்ட சத்தத்தை வைத்தே நிலவரத்தை நான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி. நான் டீயோடு ஜன்னலுக்கு வந்தேன். கீழே கண்ணாடிக்காரர் தன் பக்கத்துக் கதவுப் பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிரித்து, இடம் மாற்றி, முறுக்கி, டேப் சுற்றினார். பிறகு காருக்குள் போய் மெல்லிசாக ஒரு பாட்டைப் போட்டார். தீப்பெட்டி மறுபடி மத்தளமாகிவிட்டது. அவர் தலை தானாக ஆடியது. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"மாடியக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"என்னத்த?"

"நேத்து ராத்திரி எலக்ட்ரீசியன்கிட்ட போன்ல கேட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கொடுக்கணுமாம். ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா இருந்தா ஒரு கூம்பு வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்குமாம். குரலோட கனமான அடிச் சத்தத்த ஒண்ண ஒண்ணு தின்னுடுமாம். தப்பு அவன் பக்கம்தான், எனக்குத் தெரியும். ஆனா அதைச் சொன்னா அவன் கோவிச்சிட்டுப் போவான். சாயங்காலம் பொண்ணோட தாய்மாமன் இல்லாம இவ கிளம்ப மாட்டா. அதான் நானே தப்பா மாத்திட்டேன். இப்ப ரெண்டும் ஒரே மாதிரி தப்பு. சரியாயிடுச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ பாதி ஆறியிருந்தது. அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கட்டடத்துக்கு ஜன்னல் அளவெடுக்க வேலைக்காரர்களுடைய வேனில் ஏறிப் போனார்.

மத்தியானம் குஷன் வந்தான். அக்கா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காரின் இடது கதவுப் பூட்டு என்றைக்கோ செத்துவிட்டது, யாரும் திறக்கலாம். திறந்தான். டொக் டொக் என்று பலகை வந்தது. கம்பி இடம் மாறியது. பலகை திரும்பிப் போனது. மொத்தம் பத்து நிமிடம். சாவி இல்லாததால் போட்டுப் பார்க்கவில்லை.

"என்னப்பா இந்த வெயில்ல?" என்று நான் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

திடுக்கிட்டு மேலே பார்த்தான். "மாடியக்கா, அக்காகிட்ட மூச்சு விடாதீங்க. போன்ல வீடியோ பாத்தேன். ஒரு பக்கம் தலைகீழா இருக்கு. அவர் பக்கம்தான். ஆனா அவர் பெரியவரு, அவர் கதவுல நான் கை வச்சா நல்லாயிருக்காது. அதான் என்னோடத மாத்திட்டேன். பொண்ணு பேசறது நல்லா கேட்டாப் போதும்."

ஒரே நாளில் என்னிடம் இரண்டு ரகசியங்கள். எங்கள் வீட்டில் என் பிறந்தநாளுக்கு என்ன வாங்கியிருக்கிறார்கள் என்பதைக்கூட நான் தெருவில் சொல்லிவிடுவேன் என்று என்னிடமே மறைப்பார்கள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வாயை இறுக்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கம்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருவரும் மனம் திருந்திவிட்டார்கள், ஆகவே கார் இரண்டு மடங்கு சரியாகியிருக்கும் என்றுதான் கணக்குப் போட்டேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ரகசியம் காத்தேன். அதன் லட்சணம் இது.

நாலரைக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் குஷன். அவன் பக்கத்தில் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. இறங்கு என்றும் யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் ரேடியோவிடம் கையைக் கொண்டுபோனார். டோக்கனம்மா தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க. இன்னைக்கு இதுல முதல் சத்தம் அவளோடதா இருக்கட்டும்."

"இன்னைக்கு நல்லா கேக்கும், பயப்படாத" என்றார் அவர். பின்னால் குஷனும் "ஆமாக்கா, நல்லா கேக்கும்" என்றான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு கள்ளச் சிரிப்பு.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் காற்று கதவைத் திறக்க விடாமல் அமுக்கியது. கீழே ஊர் முழுக்கத் தகரக் கூரைகளும் துணிக்கொடிகளும். ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது ரேடியோவைப் போட்டார்கள். ஒரு மணியோசை. பிறகு ஒரு குரல்.

"வணக்கம். தொலைந்தவை, கிடைத்தவை நிகழ்ச்சிக்கு உங்களை வரவேற்கிறேன்."

பாட்டரி தீர்ந்த பொம்மை பேசுவது போல இருந்தது. யாரோ ஒரு மெலிந்த பெண், பக்கத்து அறையிலிருந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள்.

"பேருந்து நிலையத்தில், கடிகாரத்துக்குக் கீழே, இடதுகால் செருப்பு ஒன்று கிடைத்திருக்கிறது..."

"இது அவ இல்ல" என்றாள் டோக்கனம்மா.

"அவதான். ஆரம்பத்துல பதட்டமா இருக்கும்" என்றார் கண்ணாடிக்காரர். அவர் காது வரை வெளுத்திருந்தது.

"என் பொண்ணு குரல் எனக்குத் தெரியாதா? அவ பேசினா நெஞ்சுல வந்து உக்காரும். இது யாரோ." அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கடைசியில இங்கயும் வாய மட்டும் அசைக்க விட்டுட்டீங்களே."

"காலையில நல்லாத்தானே இருந்தது!" என்று கத்திவிட்டார் அவர்.

"காலையிலயா?" என்றான் குஷன்.

ஒரு பாட்டு ஆரம்பித்தது. என் தொண்டைக்குள் இரண்டு ரகசியங்களும் முட்டி மோதின. இதற்கு மேல் தாங்க என்னால் ஆகவில்லை.

"இவர் காலையில தன்னோடத மாத்தினார். இவன் மத்தியானம் தன்னோடத மாத்தினான். ரெண்டு பேரும் சொல்லாதீங்கன்னு சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

கண்ணாடிக்காரர் மெல்லத் திரும்பினார். இரண்டு வருடத்தில் முதன்முறையாக மச்சினன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீயும் மாத்தினியா?"

"நீங்க மாத்துவீங்கன்னு யாருக்கு மாமா தெரியும்?"

மாமா என்ற சொல் வாயிலிருந்து வந்தது அவனுக்கே தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது.

"அப்ப மறுபடி பழைய மாதிரியே ஆயிடுச்சா?"

"பழைய மாதிரியேதான். ஆளுக்கு ஆள் கட்சி மாறியிருக்கோம்."

"சரி, இரு, என் பக்கத்த நான் திருப்பி வைக்கிறேன்" என்று அவர் கதவைத் திறந்தார்.

"நீங்க உக்காருங்க மாமா, என் பக்கத்த நான் வைக்கிறேன்" என்று இவன் அந்தப் பக்கம் குதித்தான்.

ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவர் கையில்.

"நில்லுங்க!" டோக்கனம்மா போட்ட சத்தத்தில் தொட்டியின் மேலிருந்த புறாக்கள் கிளம்பின. "ரெண்டு பேரும் மாத்தினா மறுபடியும் இதே கதிதானே? ஒரு கதவு. ஒரே ஒரு கதவு. தம்பி, உன் பக்கம். நீ கழட்டு. நீங்க போய் அவன் பக்கத்துல நின்னு கம்பியப் பிடிங்க. உங்க கதவுகிட்ட போனீங்க, அவ்வளவுதான்."

பல் டாக்டரிடம் வருகிற முரட்டு ஆட்களெல்லாம் ஏன் அவளுக்கு அடங்கி உட்காருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமனும் மச்சினனும் ஒரே கதவின் முன்னால் முட்டி போட்டார்கள். டொக் டொக். பலகை என் மடிக்கு வந்தது. குஷன் டேப்பை உரித்தான். பாட்டு முடிந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம், மாப்ள."

"காத்துல டேப் ஒட்ட மாட்டேங்குது மாமா. குனிஞ்சு மறைச்சு நில்லுங்க."

அவன் இரண்டு கம்பிகளையும் பிரித்து எடுத்தான். அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் செத்தது. அதே நொடியில், ஸ்டீரிங் பக்கத்துக் கதவிலிருந்து, தனியாக:

"...உங்கள் குடையாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை நிறம். கைப்பிடியில் யாரோ கடித்த அடையாளம் இருக்கிறது."

கனத்த, நிதானமான, அடியிலிருந்து வருகிற குரல். காரின் தகரமெல்லாம் மெல்ல அதிர்ந்தது. என் மடியிலிருந்த பலகையிலும் அது தெரிந்தது.

டோக்கனம்மா இரண்டு கைகளாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். "அதோ! அதோ வந்துட்டா! விட்டுடுங்க, தொடாதீங்க, ஒரு பக்கமே போதும்!"

"இரு அக்கா, முழுசா கேளு" என்றான் குஷன், கம்பியைக் கடைசி முறுக்கு முறுக்கியபடி.

இரண்டாவது ஸ்பீக்கரும் சேர்ந்தது. அதை எப்படிச் சொல்வது? இவ்வளவு நேரம் ஒரு கதவில் நின்று பேசிக்கொண்டிருந்த பெண், நேராக நடுவுக்கு வந்து, அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"நூலகத்தில் ஒரு பல்செட் கிடைத்திருக்கிறது. மேல் வரிசை மட்டும்."

டோக்கனம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. பக்கத்தில் சைக்கிளை நிறுத்திக் காற்று வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "யாருங்க அது, நல்ல குரலா இருக்கே?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "என் பொண்ணு."

கதவுக்கு வெளியே இருவரும் இன்னும் மண்டியிட்டே இருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

"நான் அப்பவே நெனச்சேன் மாப்ள, கோடு போட்டதுதான் பிளஸ்னு."

"அது எப்படி மாமா? இப்ப ரெண்டுலயும் கோடு மைனஸ்லதான் இருக்கு, பாருங்க."

"இருக்கட்டும். ரெண்டுலயும் பிளஸ்ல வச்சாலும் இப்படித்தான் கேக்கும்."

"கேக்கும். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"முறையப் பத்தி நீ பேசறியா? எங்க, அந்த வீடியோவக் காட்டு."

"காட்டறேன், முதல்ல உங்க பக்கம் ஒரு கிளிப்பு குறையுதே, அதை என்ன பண்ணினீங்க?"

"அது கம்பெனியிலயே குறைச்சல்."

"மாமா, நேத்துப் போட்ட அதே சட்டைதானே? பையில தெரியுது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். கதவோடு காரும் குலுங்கியது. உள்ளே அவர்கள் பெண் ஏதோ ஒரு சாவிக்கொத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை சாவி என்பது எங்கள் காதில் விழாமலே போயிற்று.

டோக்கனம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ரெண்டு வருஷம் வாயத் திறக்காம இருந்தீங்களே, இன்னும் பத்து நிமிஷம் இருக்கக் கூடாதா?"